பொறுப்பு எல்லோருக்கும் உண்டு: கோவை மக்களுக்கு ஒரு வேண்டுகோள்



நாங்கள் கோவையில் வேலை பார்த்து, இங்கேயே குடும்பம் நடத்துகிறவர்கள். மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற மில் தொழிலாளர்கள், ஒன்றிரண்டு லேத் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவர்கள், செவிலியர்கள், சட்டம் படித்த சில இளைஞர்கள். எங்களுக்குக் கட்சி கிடையாது. நிதி கேட்டும் வரவில்லை. ஏழைகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இந்த ஊரில் சட்டென்று சொல்லப்படும் ஒரு தீர்ப்பை மறுபடி யோசியுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

தீர்ப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். "உழைக்கிறவன் எங்க போனாலும் பொழச்சுக்குவானுங்க. இவங்க கையில காசு நின்னா நேரா டாஸ்மாக்குக்குத்தான் போகும். எத்தனை இலவசம் குடுத்தாலும் இப்படியேதான் இருப்பாங்க." கல்யாணப் பந்தியில், பேக்கரி பெஞ்சில், அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்காதவர் இல்லை.

கொங்கு நாட்டில் இந்தப் பேச்சு எடுபடுவதற்குக் காரணம் உண்டு. இது உழைப்பால் எழுந்த ஊர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, ஓட்டலில் வேலை பார்த்த ஜி.டி. நாயுடு 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டத் தொடங்கினார். அவர் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாம். தோட்டத்தை விட்டு வந்து பனியன் கம்பெனியில் கைமடிக்கும் வேலை பார்த்து, பிறகு சொந்தமாக நான்கு மிஷின் போட்டவர்களின் கதை திருப்பூரில் தெருவுக்கு ஒன்று கிடைக்கும். அந்த உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் அந்தக் கதைகளில் விட்டுப்போகும் வரவுகள் சில உண்டு. 1932-ல் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகுதான் கோவையில் மில்கள் வரிசையாக எழுந்தன. அந்த மின்சாரம் அரசாங்கம் போட்ட முதல். 1926-ல் பி.எஸ்.ஜி. அறநிலையம் உருவாகி, தொழிற்கல்விக்கு வழி திறந்தது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்து 2004-ல் நூல் வெளியிட்ட ஷரத் சாரி, அங்குள்ள கவுண்டர் முதலாளிகள் பலர் தங்கள் உழைப்பையே மூலதனமாகச் சொல்வதைப் பதிவு செய்தார். அந்த உழைப்போடு நிலமும், சாதி உறவும், பங்காளிக் கூட்டும், கடன் கிடைக்கும் வழியும் சேர்ந்தே வேலை செய்ததையும் அவர் காட்டினார். ஈடு வைக்க இரண்டு ஏக்கர், கைமாற்றுக் கொடுக்க ஒரு மச்சான், நூல் கடன் கொடுக்க ஒரு தெரிந்தவர் இருந்தால்தான் உழைப்பு சொத்தாக மாறும். இவை ஒன்றுமே இல்லாதவரும் அதே பன்னிரண்டு மணி நேரம்தான் உழைக்கிறார். அவருக்கு மிஞ்சுவது கூலி மட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2022 ஜூலையில் வெட் கிரைண்டருக்கான ஜி.எஸ்.டி. 5 சதவீதத்திலிருந்து 18 ஆனது. பம்புக்கு 12-லிருந்து 18. அதே ஆண்டு செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியது. பட்டறைகள் பல தடுமாறின, சில மூடின. எந்தப் பட்டறைக்காரரையாவது பார்த்து "நீ சோம்பேறி, அதனால்தான் மூடினாய்" என்று யாராவது சொன்னோமா? ஆர்டர் இல்லை, கரண்ட் பில் தாங்கவில்லை, வரி ஏறிவிட்டது என்றோம். சரியாகத்தான் சொன்னோம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும் அப்படித்தான் பேசினோம். முதலாளி விழுந்தால் நிலைமை சரியில்லை என்கிறோம். தொழிலாளி விழுந்தால் அவன் சரியில்லை என்கிறோம். எங்கள் வழக்கே இந்த இரட்டை அளவைப் பற்றியதுதான்.

கோவையின் மில் தொழிலாளரை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் மூன்று ஷிப்ட் மாறி மாறிப் பார்த்து, பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர். பதிலியாகச் சேர்ந்து, நிரந்தரமாகவே பல வருடம் காத்திருந்தவர். அவரை யாரும் உழைக்காதவர் என்று சொல்ல மாட்டார்கள். தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கையிலிருந்த பங்கஜா, கம்போடியா, முருகன் மில் போன்றவற்றில் 2020 மார்ச் ஊரடங்கில் நின்ற ஓட்டம் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. ஓய்வுபெற்றவர்களுக்கு வரும் வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சம் 2014-ல் 1,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. அது இன்னும் அங்கேயே நிற்கிறது. மாத்திரை வாங்கினால் தீர்ந்துபோகும் தொகை அது. இதில் அவர் எந்தப் பொறுப்பைத் தவறவிட்டார்?

"விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும், கடன் ஏன் வாங்குகிறார்கள்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. தள்ளுவண்டியில் காய் விற்பவர் நூறு நாள் தண்டலுக்கு 10,000 ரூபாய் கேட்கிறார். 1,000 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருகிறார்கள். மறுநாளிலிருந்து தினம் 100 ரூபாய், நூறு நாள். மழை பெய்து வியாபாரம் இல்லாவிட்டாலும் சாயங்காலம் பைக்கில் ஆள் வந்து சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு போவார். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துப் பார்த்தால் அது ஆண்டுக்கு 75 சதவீதத்துக்கு மேல் போகிறது. நம்மில் பலர் கார் கடனை 10 சதவீதத்தை ஒட்டி வாங்குகிறோம். தினம் தவறாமல் தவணை கட்டுகிற அந்தக் காய்க்காரர் நம்மைவிட நாணயமானவர். அவருக்குப் பணம் மட்டும் நம்மைவிடப் பல மடங்கு விலைக்குக் கிடைக்கிறது. தெருவோர வியாபாரிகளுக்கு வங்கி மூலம் கடன் தரும் மத்திய அரசுத் திட்டம் 2020-லேயே வந்தது. அடையாள அட்டையும் பரிந்துரைக் கடிதமும் கைக்கு வராமல் தண்டலிலேயே சுற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். 2016 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட முதல் 20 ஸ்மார்ட் சிட்டிகளில் கோவையும் ஒன்று. குளக்கரைகள் நடைபாதையும் விளக்குமாக மாறின. மாலையில் நாமும் பிள்ளைகளோடு போய் வருகிறோம். அந்தக் கரைகளில் பல காலமாகக் குடியிருந்தவர்கள் கீரணத்தம், வெள்ளலூர், மலுமிச்சம்பட்டி எனப் புறநகர் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். வெள்ளம் வரும் கரையில் குடிசை போட்டு வாழ்வதைவிடக் கான்கிரீட் வீடு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் வீடு போன இடத்துக்கு வேலை கூடப் போகவில்லை. எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்கா முத்தண்ணன் குளக்கரையிலிருந்து நடந்தே ஆர்.எஸ். புரத்தில் மூன்று வீடுகளுக்குப் போய் வேலை செய்துகொண்டிருந்தார். கீரணத்தம் போன பிறகு காந்திபுரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அது பெரிய உதவி. போன நேரத்தைத்தான் யாரும் திருப்பித் தர முடியாது. காலை ஆறரைக்கு ஆள் வேண்டும் என்ற வீடு கைவிட்டுப் போனது. ஒரு மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போனதற்கு அவர் என்ன செய்திருக்க வேண்டும் என்கிறீர்கள்?

வாடகைக்கு இருப்பவர்கள் நிலையும் நமக்குத் தெரியாததல்ல. லைன் வீட்டில் ஒரு ரூம், வாசலில் பொதுக் குழாய், நான்கு குடித்தனத்துக்கு ஒரு கழிப்பறை. வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது அரசு விதி. லைன் வீட்டில் தனி மீட்டர் மாட்டி, முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய், பத்து ரூபாய் வாங்கும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை. நம் சொந்தக்காரர்கள், சில வீடுகளில் நாமேதான். வீடு பார்க்க வருபவரிடம் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டு, வேறொருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார் என்று அனுப்புவதும் நாமேதான்.

2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலை மேட்டுப்பாளையம் நடூரில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. விடாத மழையில், குடியிருப்பை ஒட்டி எழுப்பப்பட்டிருந்த சுமார் இருபதடி உயரச் சுற்றுச்சுவர் சரிந்து, ஓட்டு வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். பட்டியல் சமூகத்தவர்கள், கூலி வேலை செய்து பிழைத்தவர்கள், அவர்களின் பிள்ளைகள். அந்தச் சுவரைப் பற்றி முன்பே புகார் சொல்லியிருந்தோம் என்றார்கள் பகுதி மக்கள். குடித்து அழிந்தவர்கள் இல்லை அவர்கள், கடன் வாங்கி ஓடியவர்களும் இல்லை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வீடு கட்டும் வசதி இல்லாததுதான் அவர்கள் செய்த குற்றம்.

இனி, குடி. நாங்கள் அதற்கு வக்காலத்து வாங்க வரவில்லை. எங்களில் ஆசிரியர்கள் திங்கட்கிழமை காலை வகுப்பில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே வீட்டில் நடந்ததைப் புரிந்துகொள்கிறவர்கள். செவிலியர்கள் ஈரல் கெட்டு வருகிற நாற்பது வயதுக்காரர்களை வார்டில் பார்க்கிறவர்கள். சம்பளத்தைக் குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவருக்கு வறுமையைக் காட்டி மன்னிப்புக் கொடுக்க எங்களால் முடியாது. மூணு நம்பர் லாட்டரியிலும் ரம்மியிலும் வீட்டுப் பணத்தைக் கரைப்பவருக்கும் அதேதான். எல்லாம் அரசின் தவறு என்று சொல்லிக் கையை உதறுவது அந்த வீட்டுப் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் செய்யும் துரோகம். ஆனால் 2003 முதல் சில்லறை மதுக்கடையை நடத்துவது அரசே. 2023-24-ல் அதில் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். குடிப்பவருக்குப் பொறுப்பு உண்டென்றால், விற்பவருக்கும், அந்த வருமானத்தில் போட்ட ரோட்டில் போகிற நமக்கும் உண்டு. குடி பணக்கார வீட்டிலும் இருக்கிறது. அங்கே அது ஒரு ஆளைக் கெடுக்கிறது, இங்கே மொத்தக் குடும்பத்தையும் ரேஷன் கடை வாசலுக்குத் தள்ளுகிறது. தாங்கிக்கொள்ளச் சேமிப்பு இருப்பதும் இல்லாததுமே வித்தியாசம்.

தனிமனிதப் பொறுப்பைப் பற்றிப் பேசவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. யாரிடம் எவ்வளவு அதிகாரம் இருக்கிறதோ அவ்வளவு பொறுப்பை அவரிடம் முதலில் கேளுங்கள் என்கிறோம். தினக்கூலிக்காரரிடம் இருப்பது ஒரு நாள் கூலி. கூலியைத் தீர்மானிப்பது, வாடகையைத் தீர்மானிப்பது, குடியிருப்பு எங்கே வரும் என்று தீர்மானிப்பது எல்லாம் அவர் கையில் இல்லை. அவற்றில் சில நம் கையில் இருக்கின்றன. அதனால் உங்களிடம் எங்கள் வேண்டுகோள் இவை:

வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களே, சிறிய பட்டறையானாலும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்துக் கட்டுங்கள். ஒப்பந்தக்காரர் மேல் பழியைப் போட்டுத் தப்பாதீர்கள். வீட்டு வேலைக்கு வருபவருக்கு 2018-லேயே தமிழக அரசு மணிக்கூலி நிர்ணயித்திருக்கிறது. அதற்குக் குறையாத கூலியும், வாரம் ஒரு நாள் விடுப்பும், உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளமும் கொடுங்கள்.

வீட்டுக்காரர்களே, மின் வாரியம் உங்களிடம் வாங்குவதற்கு மேல் குடித்தனக்காரரிடம் வாங்காதீர்கள். பத்து மாத அட்வான்ஸை மூன்றாகக் குறையுங்கள். சாதி கேட்காமல் வீடு கொடுங்கள்.

மாநகராட்சியும் மாவட்ட நிர்வாகமும் செய்ய வேண்டியவை: இனிமேல் அகற்றப்படும் குடும்பங்களுக்கு வேலை இருக்கும் பகுதியிலேயே வீடு. 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு தெருவோர வியாபாரிக்கும் அடையாள அட்டை. 2022 அக்டோபரில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் வேலையை நிறுத்தியது, ஆட்சியர் நிர்ணயித்த கூலியைக் கொடுங்கள் என்று கேட்டுத்தான். அரசு நிர்ணயித்த கூலிக்காக அரசு அலுவலக வாசலில் யாரும் மறுபடி உட்காரக் கூடாது.

பொதுமக்களே, உங்கள் வார்டில் பகுதி சபை கூடும்போது போய் உட்காருங்கள். ரோடும் தெருவிளக்கும் கேட்கிற நேரத்தில், உங்கள் தெருவைக் கூட்டுகிறவருக்கு இந்த மாதச் சம்பளம் வந்துவிட்டதா என்று ஒரு கேள்வி கேளுங்கள். கவுன்சிலர் பதில் சொல்லியாக வேண்டும்.

குடிக்கும் அண்ணன் தம்பிகளே, உங்களிடமும் ஒன்று. கூலி வாங்கியதும் முதலில் வீட்டுக்குப் போங்கள். குடியை விட மருந்தும் ஆலோசனையும் கோவை அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கிடைக்கும். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நாங்கள் வருகிறோம்.

அடுத்த முறை யாராவது "அவங்க அப்படித்தானுங்க" என்று ஆரம்பித்தால், சண்டை போட வேண்டாம். அவருக்கு எவ்வளவு கூலி, எவ்வளவு வாடகை, எவ்வளவு வட்டி என்று மூன்று கேள்வி கேளுங்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள் என்று பெயரெடுத்த ஊர் இது. முழுக் கணக்கையும் போட்டுப் பார்த்த பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்களோடு வாழும் கோவைக் குடிமக்கள் சிலர்