தீவுகளுக்கு ஒரு நாள் காணுமா?

ஆடி பிறந்துவிட்டால் யாழ்ப்பாணத்தில் ஒரு வசனம் அடிக்கடி காதில் விழும்: "தீவுப்பக்கம்தானே, ஒரு நாள் காணும்." நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வரும் குடும்பங்களுக்கு உறவினரும் வான்காரரும் இதையே சொல்கிறார்கள். காலையில் நயினாதீவில் அம்மனைக் கும்பிட்டு, நெடுந்தீவில் குதிரை பார்த்து, திரும்பும் வழியில் ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையையும் படமெடுத்துவிடலாமாம். கணக்கிலேயே உதைக்கிற நம்பிக்கை இது.

யாழ் நகரிலிருந்து குறிகட்டுவானுக்கு 776 பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். அங்கிருந்து நயினாதீவு கால் மணி நேரம். படகும் அடிக்கடி உண்டு. நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரக் கடல், நாளுக்குச் சில சேவைகள் மட்டுமே. பிற்பகல் படகைத் தவறவிட்டால் இரவு தீவில்தான். ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் நிலத்தைப் பார்க்க மிஞ்சுவது மூன்று நான்கு மணித்தியாலம், அதுவும் உச்சி வெயிலில்.

இதே குடும்பம் தன்சானியாவுக்குப் போனால் இப்படி நடந்துகொள்வதில்லை. செரெங்கெட்டிக்கு மூன்று இரவு, சன்சிபார்த் தீவுக்கு நான்கு இரவு என்று பிரிக்கிறது. வில்டபீஸ்ட் மந்தைகள் எந்த மாதம் எந்தப் பக்கம் நிற்கும் என்று விசாரித்த பிறகே டிக்கெட் எடுக்கிறது. வண்டி பாதையை விட்டு இறங்கினால் தண்டம் என்றால் பேசாமல் கேட்கிறது. நெடுந்தீவிலோ ஓட்டோக்காரரிடம் "இன்னும் கிட்டப் போங்கோ" என்கிறது. தரங்கிரே பூங்காவில் பெருக்கமரம் பார்க்க ஜீப்புக்குக் காசு கட்டியவர்களே, நெடுந்தீவில் அதே இனத்து மரத்தின் பொந்துக்குள் ஒரு செல்ஃபி எடுத்ததும் புறப்பட்டுவிடுகிறார்கள்.

குதிரைகளின் கதையையாவது முழுதாகக் கேட்கிறார்களா? போர்த்துக்கேயர் காலத்தில் வந்து, ஒல்லாந்தர் காலத்தில் பண்ணையில் பெருகி, ஆங்கிலேயர் காலத்தில் பண்ணை கைவிடப்பட்டதும் கட்டாக்காலியானவற்றின் வழித்தோன்றல்கள் இவை. 2015இல் அவை மேயும் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனால் வறட்சிக் காலத்தில் இன்றும் அவை தண்ணீருக்கு அலைகின்றன. நாம் கூட்டமாகப் போவதோ சோளகம் வீசி, குட்டைகள் வற்றிக் கிடக்கும் ஆடி ஆவணியில்தான். மாரி மழை ஓய்ந்து புல் பச்சையாக நிற்கும் தை, மாசியில் போக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

அவசரத்தில் தவறுவது குதிரை மட்டுமல்ல. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசி வணிகரைக் காக்க வேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசுக்கு, மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதி என்கிறது. போர்த்துக்கேயர் வருவதற்கு நூற்றாண்டுகள் முன்பே இந்தக் கடலில் குதிரை வந்திறங்கியதற்குச் சான்று அந்தக் கல். அடுத்த படகைப் பிடிக்க ஓடுகிறவர் கண்ணில் அது படாது. 1985 மே 15 அன்று நடுக்கடலில் குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களை நினைவுகூரும் நெடுந்தீவு மாவிலித்துறையையும் அவர் வெறும் இறங்குதுறையாகவே கடந்துபோவார்.

"இரண்டு கிழமை லீவு, வயதான அம்மா, தீவில் நல்ல ஹோட்டலும் இல்லை" என்பார்கள். நியாயம்தான். ஆனால் நேரமும் வசதியும் குறைந்தால் இடங்களைக் குறைப்பதல்லவா முறை? வயதான அம்மாவை ஒரே நாளில் இரண்டு தீவுகளுக்குப் படகில் ஏற்றி இறக்குவது எந்த வசதியில் சேர்த்தி?

நட்டம் நமக்கு மட்டும் என்றால் விட்டுவிடலாம். அந்தப் படகுகள்தான் யாழ்ப்பாணத்திலிருந்து போய்வரும் ஆசிரியருக்கும், பெரியாஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிக்கும் வழி. சாப்பாட்டுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலும் நகரத்திலேயே வாங்கிக்கொண்டு வரும் கூட்டம் அவர்களோடு இருக்கைக்கு முண்டியடித்துவிட்டு, ஓட்டோ வாடகையையும் வெறும் போத்தல்களையும் மட்டும் தீவில் விட்டுவருகிறது.

ஆகவே தெரிந்தெடுங்கள். அரை நாள்தான் என்றால் படகே வேண்டாம். பண்ணைப் பாலம் கடந்து, வேலணை வழியே ஊர்காவற்றுறை போய் வாருங்கள். முழு நாள் இருந்தால் நயினாதீவோடு நிறுத்தி அம்மன் கோயிலையும் நாகவிகாரையையும் ஆறுதலாகப் பாருங்கள். நெடுந்தீவுக்கு ஓர் இரவு ஒதுக்க முடியாவிட்டால் இம்முறை போகாதீர்கள். ஒதுக்கினால் அறை வாடகையும் மூன்று வேளைச் சாப்பாட்டுக் காசும் அந்த ஊர்க் குடும்பங்களுக்குப் போகும். பகல் கூட்டம் படகேறிய பிறகு, வெயில் தாழ்ந்த நேரத்தில், குதிரைகளையும் துரத்தாமல் பார்க்கலாம்.