தோற்பது பணம் மட்டுமன்று

 

தருமபுரி வட்டாரத்துச் சிற்றூர்களில் பாரதக் கூத்து நடப்பதை அதியமான்கோட்டையில் வாழும் நாம் அறிவோம். தருமன் நாட்டை வைத்துத் தோற்கிறான், தம்பியரைத் தோற்கிறான், இறுதியில் மனைவியையும் பணயம் வைக்கிறான். ஆடியவன் ஒருவன், அவமானப்பட்டவள் வேறொருத்தி. சூதாட்டத்தின் இயல்பே அதுதான்.

இன்று அந்தக் களம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. ‘வரவேற்புப் பரிசு’ என்று சிறு தொகையை அவர்களே தந்து ஆட அழைப்பார்கள். இந்தத் தந்திரம் புதிதன்று. 1949இல் வெளிவந்த ‘தி லேடி கேம்பிள்ஸ்’ என்னும் ஹாலிவுட் படத்தில், கணவனுடன் லாஸ் வேகாஸ் நகருக்குச் செல்லும் ஒரு பெண்ணுக்கு, சூதாட்ட விடுதிக்காரன் விளையாட்டாக ஆடிப் பார்க்கும்படி வில்லைகளைக் கொடுக்கிறான். அந்த வேடிக்கை அவளை அடிமையாக்கி, இல்லறத்தையே சிதைக்கிறது. வில்லை போய்ச் செயலி வந்திருக்கிறது, தூண்டில் மாறவில்லை.

அரசுகள் வாளாவிருக்கவில்லை. 2003இல் தமிழகத்தில் லாட்டரிச் சீட்டு தடை செய்யப்பட்டது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கும் மாநிலச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் எனக் கூறி, அவற்றின் மீதான தடையை அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடின்றி, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்தது. நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு.

நீதிமன்றங்களில் நெடுநாள் நடந்த இந்த வாதத்திற்கு மார்க்கத்தில் இடமே இல்லை. திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் (5:90, 91) சூதாட்டத்தை மதுவோடு சேர்த்தே விலக்குகிறது. அதற்குக் கூறும் காரணத்தைக் கவனியுங்கள்: ஷைத்தான் அவற்றின் மூலம் மனிதர்களிடையே பகைமையையும் வெறுப்பையும் விளைவிக்கவும், இறை நினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் தடுக்கவும் விரும்புகிறான். பண இழப்பை அவ்வசனம் பேசவில்லை. உறவின் இழப்பையும் இறைத் தொடர்பின் இழப்பையுமே பேசுகிறது.

நம் வீடுகளில் நடப்பதும் அதுவன்றோ? முதலில் மறைவது பணமன்று, உண்மை. சம்பளம் தாமதமாகிறது என்றொரு பொய். நண்பனுக்குக் கடன் கொடுத்தேன் என்று இன்னொன்று. பிறகு மனைவியின் நகை அடகுக்குப் போகிறது, வட்டிக்கடன் வருகிறது. ஒரு ஹராமை மறைக்க இன்னொரு ஹராம். செய்தி தெரிந்த பெற்றோரோ, ‘வெளியே தெரிந்தால் மானம் போகும்’ என்று கடனை ஓசையின்றி அடைத்துவிடுகிறார்கள். அந்த அமைதியே அடுத்த ஆட்டத்திற்கு முதலாகிறது.

எனவே செயலியை முடக்குவது அரசின் பொறுப்பு என்றால், இந்த அமைதியை உடைப்பது நம் பொறுப்பு. அகப்பட்டுக்கொண்டவரைத் தூற்றாதீர்கள், தூற்றினால் இன்னும் ஆழமாக ஒளிவார். அவரை அமர வைத்து, கடன் முழுவதையும் கணவனும் மனைவியும் ஒரே தாளில் எழுதுங்கள். வரவு செலவைச் சில காலம் மனைவியோ பெற்றோரோ கவனிக்கட்டும். மனம் தளர்ந்திருந்தால் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை அழைப்பதில் வெட்கமில்லை. ஜும்ஆ உரைகளில் வட்டியைப் பேசும் அளவுக்கு இதையும் ஆலிம்கள் பேச வேண்டும்.

சூதாட வா என்று தோழனை அழைத்தவர்கூட தர்மம் செய்யட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். அழைப்புக்கே பரிகாரம் தேவையெனில், ஆட்டத்தின் கனத்தை எண்ணிப் பாருங்கள். ஆயினும் தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது. நம் வீட்டு வாசலும் திறந்திருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் குடும்பங்களை இத்தீமையிலிருந்து காப்பானாக! ஆமீன்.