கூடாரம் அடிப்பது பிள்ளைகளின் வேலை

டிசம்பர் விடுமுறை நெருங்கினால் பெங்களூரில் புதியதொரு ஆசை பரவுகிறது. நகரத்தை விட்டு வெளியேறி, ஆற்றோரத்திலோ தோப்பிலோ கூடாரம் அடித்து, பிள்ளைகளுடன் இரண்டு இரவு தங்கிவர வேண்டும் என்பதே அது. நல்ல ஆசைதான். ஆனால் போய் வந்த குடும்பங்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்கிறார்கள். இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்த தகப்பனார் தனியாகக் கயிற்றோடும் முளைகளோடும் மல்லாடினார். தாயார் இரண்டு நாளும் ஸ்டவ் முன்னால் கழித்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு செல்போனுடன் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். திரும்பும் வழியில், 'இதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம்' என்ற முணுமுணுப்பு எழுந்தது.

குற்றம் கூடாரத்தினுடையது அன்று. வீட்டில் நடப்பது அப்படியே காட்டிலும் நடந்தது. பெரியவர்கள் உழைத்தார்கள், சிறியவர்கள் பரிமாறப்பட்டார்கள். கூடார வாசம் பிள்ளைகளுக்குக் காட்டப்படும் வேடிக்கையாக இருக்கும்வரை அதில் சுவை பிறக்காது. அவர்களிடம் பொறுப்பை ஒப்படைக்கும் வாய்ப்பாக அது மாறினால்தான் பயன் உண்டு.

இது புதிய தத்துவமன்று. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முகாமில் கலந்துகொண்ட சிறுவர்கள் சுமார் இருபது பேர்தான். அவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கி, வேலைகளை அவர்கள் கையிலேயே விட்டார் அவர். உலகெங்கும் பரவிய சாரண இயக்கம் அந்தச் சோதனையிலிருந்து வளர்ந்தது. ஆயிரம் அறிவுரை செய்யாததை, ஒப்படைக்கப்பட்ட ஒரு வேலை செய்துவிடும் என்பதே அதன் பாடம்.

ஆகவே திட்டமிடும்போதே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வரைபடத்தை விரித்து எங்கே போகலாம், எப்போது போகலாம் என்று அவர்களையும் பேசவிட வேண்டும். காவிரிக் கரையோரம் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கொளுத்தும். மாலையில் இடிமழை வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குத் தொடர்ச்சி மலைகளில் மழையும் அட்டைகளும் விடா. டிசம்பர், ஜனவரியே வசதியான காலம்; ஆனால் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் என்பதால், நான்கு மணிக்குள் இடம் போய்ச் சேர்வது நல்லது.

இடத்தைப் பொறுத்தவரை ஒரு விதி. வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டுக்குள் கூடாரம் அடிக்கக்கூடாது. அது சட்ட விரோதம் மட்டுமல்ல, யானைகள் நடமாடும் வழியில் பிள்ளைகளைப் படுக்கவைப்பதும் ஆகும். முதல் அனுபவத்துக்குக் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் பீமேசுவரி, காலிபோர் போன்ற இடங்களில் நடத்தும் முகாம்கள் பொருத்தமானவை. தாங்களே கூடாரம் அடிக்க விரும்புவோர் கனகபுரா, ஓசூர்ப் பக்கம் தெரிந்தவரின் மாந்தோப்பில் அனுமதி கேட்கலாம். கிணற்று நீரும் கழிப்பறையும் உள்ள இடமாக அது இருக்க வேண்டும். பெண்களின் இந்தத் தேவையை யோசிக்காமல் போடும் திட்டம், பாதித் திட்டம்தான்.

புறப்படுவதற்கு முந்திய வாரம் மொட்டை மாடியில் ஓர் ஒத்திகை நடத்துவது மிகவும் நல்லது. மாடியில் முளை அடிக்க முடியாது. செங்கல்லில் கயிற்றைக் கட்டிக்கொள்ளலாம். இரண்டு முறை தப்பாகக் கட்டிய பையன் மூன்றாம் முறை சரியாகக் கட்டுவான். ஓர் இரவு அதிலேயே படுத்தால் எது குறைகிறது என்பதும் தெரிந்துவிடும். எட்டு வயதுக் குழந்தை டார்ச் லைட்டுக்கும் குடிநீருக்கும் பொறுப்பேற்கலாம். பத்துப் பன்னிரண்டு வயதினர் சாமான்களின் பட்டியலை எழுதிச் சரிபார்க்கலாம். முதல் நாளுக்குப் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் வீட்டிலிருந்தே போய்விட்டால், மறுநாள் உப்புமா கிளறும் வேலையைப் பெரியவர் பக்கத்தில் நிற்கப் பிள்ளைகளே பார்க்கலாம். பையனுக்குக் கூடாரம், பெண்ணுக்கு அடுப்பு என்று இங்கேயும் பிரித்துவிடலாகாது. அடி கருகினாலும் தங்கள் கையால் செய்த உப்புமாவை அவர்கள் மிச்சம் வைக்கமாட்டார்கள்.

இவ்வளவு சுதந்திரம் கொடுத்தாலும் மூன்று விஷயங்களில் பெரியவர் சொல்லே முடிவு: தண்ணீர், தீ, இருட்டு.

சங்கமத்திலும் மேகதாட்டுவிலும் காவிரி சாந்தமாகத் தோன்றும் இடங்களில் பாறைக் குழிகளும் சுழல்களும் உண்டு. உள்ளூரில் ஒரு துளி மழை இல்லாவிட்டாலும், மேலே அணையில் நீர் திறந்தால் ஆறு உயரும். 2024 ஜூன் 30 அன்று மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில், புஷி அணைக்கு அருகிலுள்ள அருவியில் திடீரென வந்த வெள்ளம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவரை, பிள்ளைகள் உட்பட, அடித்துச் சென்றது. அவர்களும் விடுமுறையைக் கழிக்கப் போனவர்களே. ஆற்றில் இறங்குவதா என்பதைப் பிள்ளைகளின் வற்புறுத்தல் தீர்மானிக்கக்கூடாது. இடத்தை நிர்வகிப்போர் கூடாது என்றால் கரையோடு நிற்க வேண்டியதுதான்.

கூடாரத்துக்குள் கரியடுப்போ தணலோ கொண்டுபோகக் கூடாது. அதன் நச்சுப்புகை தூங்குவோரை எழுப்பாமலே கொன்றுவிடும். காய்ந்த புல்லருகே தீ மூட்டலாகாது. இருட்டிய பின் டார்ச் இல்லாமல் ஓரடியும் வைக்கக்கூடாது. காலையில் செருப்பையும் ஷூவையும் உதறிவிட்டே போட வேண்டும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்போரைக் கடிப்பது கிராமங்கள் அறிந்த உண்மை. எனவே அடித்தளம் தைத்த கூடாரமே தேவை. அதன் ஜிப் எப்போதும் மூடியிருக்க வேண்டும். கடிபட்டால் கீறுவதும் இறுகக் கட்டுவதும் தவறு; அசையவிடாமல் ஆஸ்பத்திரிக்கு விரைவதே வழி. சிக்னல் கிடைக்காத இடங்கள் பல என்பதால், அருகில் எங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது என்பதைப் புறப்படும் முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மூன்றிலும் கண்டிப்பு இருந்தால் மற்றதில் தாராளமாக இருக்கலாம். பெங்களூர்ப் பிள்ளைக்குக் காவிரி என்பது குழாயில் வரும் தண்ணீர். 1974 முதல் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, பல நூறு மீட்டர் உயரம் ஏற்றி, அது நகரத்துக்குக் கொண்டுவரப்படுகிறது. 2024 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் காத்து நின்ற பிள்ளைகள் அந்த ஆற்றை நேரில் பார்க்க வேண்டாமா? அதே ஆறு அடுத்து ஒகேனக்கல்லில் விழுந்து மேட்டூருக்குப் போகிறது என்பதைக் கரையில் உட்கார்ந்து கேட்டால் அவர்களுக்கு மறக்காது.

இரவில் வானத்தைக் காட்டுவது தாத்தா பாட்டியின் பொறுப்பாக இருக்கட்டும். டிசம்பர் மாலையில் கிழக்கு வானில் கார்த்திகை கொத்தாகத் தெரியும்; சற்று நேரத்தில் மிருகசீரிடமும் செந்நிறத் திருவாதிரையும் எழும். பஞ்சாங்கத்தில் மட்டும் கேட்ட பெயர்களை வானத்தில் காணும் பேரப்பிள்ளை செல்போனைத் தேடமாட்டான்.

விடுமுறை என்றால் சொந்த ஊருக்குப் போவதுதானே முறை என்று கேட்போர் உண்டு. ஊருக்குப் போக வேண்டியதுதான். அந்த உறவுக்கு ஈடில்லை. ஆனால் அங்கே பிள்ளைகள் விருந்தாளிகள்; அத்தையும் சித்தியும் தட்டை நீட்டவிடுவதில்லை. பத்து நாள் விடுமுறையில் இரண்டு இரவை இதற்கு ஒதுக்கினால் ஊர்ப் பயணம் கெட்டுவிடாது. செலவை அஞ்சுவோர் கூடாரத்தை வாடகைக்கு எடுக்கலாம். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்தும் போகலாம்.

புறப்படும் காலையில் கூடாரத்தைச் சுருட்டுவதும், காகிதமும் பிளாஸ்டிக்கும் ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பையில் கட்டி எடுத்துவருவதும் பிள்ளைகளின் கடைசி வேலையாக இருக்கட்டும். அதைச் செய்து முடித்த பிள்ளை, அடுத்த முறை எங்கே போகலாம் என்று தானே கேட்கும். அந்தக் கேள்வி எழுந்தால் பயணம் வெற்றி. எழாவிட்டால் பிள்ளையைக் குறை கூறாமல், அதன் கையில் என்ன வேலை கொடுத்தோம் என்று பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.