அடியில் படுத்துப் பாருங்கள்

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை இருக்கிறது. தார்ச்சாலையிலிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் மண்பாதை. மலையின் கிழக்குச் சரிவு என்பதால் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. அந்த இரண்டு மாதமும் பாதை செம்மண் குழம்பாகக் கிடக்கும். ஆனால் பறித்த இலை அன்றைக்கே எடைக் கொட்டகைக்குப் போயாக வேண்டும். சாக்கில் அடைத்து வைத்தால் உள்ளே சூடேறி இலை சிவந்துவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாலை, சொல்லி வைத்திருந்த வாடகை ஜீப் வரவில்லை. இருட்டுகிற நேரத்தில் அம்மா ஒரு சாக்கின் வாயை அவிழ்த்து, முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தார். "சோத்துப் பானை மாதிரி சுடுது" என்றார். எட்டுச் சாக்கு. மறுநாள் காலையில் அத்தனையையும் உரக்குழியில் கொட்டினோம். அந்த வாரமே சொந்தமாக ஒரு வண்டி வாங்குவதென்று முடிவு செய்தேன். என்னால் புரட்ட முடிந்தது மூன்றரை லட்சம்.

மூன்றரை லட்சத்துக்கு நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும் என்றால் நம் ஊரில் கண்ணுக்குத் தெரிவது இரண்டே வகை. ஒன்று பழைய மஹிந்திரா ஜீப். எம்.எம்.540, மேஜர் என்று மலையில் இன்னும் நிறைய ஓடுகின்றன. டீசல், இழுவை நன்றாக இருக்கும், எந்த ஊர் பட்டறையிலும் வேலை பார்ப்பார்கள். மற்றது மாருதி ஜிப்ஸி. 2023 ஜூனில் வந்த ஜிம்னி இந்த வகையில் அருமையான வண்டிதான். ஆனால் வந்தபோதே ஷோரூம் விலை 12.74 லட்சத்தில் தொடங்கியது. பழையதும் என் கைக்கு எட்டாது.

நான் ஜிப்ஸிதான் வேண்டும் என்று நின்றதற்குக் காரணம் அதன் எடை. துணிக் கூரை வண்டி ஒரு டன்னுக்கும் சற்றுக் குறைவு, 985 கிலோ. சேற்றில் குதிரைத் திறனைவிட இது முக்கியம். கனமான வண்டி பாதையை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கும். இலகுவானது மேலோடு போய்விடும். சிக்கினாலும் நாலு பேர் தள்ளினால் வந்துவிடும். 1985 டிசம்பரில் முதல் ஜிப்ஸி வந்தபோது இன்ஜின் 970 சி.சி.தான். 1996-இல் 1.3 லிட்டர் இன்ஜினோடு 'கிங்' வந்தது. 2000-இல் கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது, 80 குதிரைத் திறன். 2019-இல் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தினார்கள். மலையில் குளிர்காலைகளில் சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்ட விருப்பமில்லாதவர்கள் 2000-க்குப் பிந்தைய வண்டியாகவே பார்ப்பது நல்லது. பெட்ரோல் குடிக்கும், அதை மறைக்க முடியாது. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கிடைத்தால் பெரிது. தினமும் நாற்பது கிலோமீட்டர் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு இந்த வண்டியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வண்டி பார்க்க மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனேன். நாற்பது வருஷமாக ஜீப்பும் ஜிப்ஸியும்தான் அவருக்குத் தொழில். முதல் நாளே அவர் சொன்னது: "அம்மணி, பெயின்டப் பாக்காதீங்க, சீட்டப் பாக்காதீங்க. அடியில படுத்துப் பாருங்க. இன்ஜின் போச்சுன்னா செஞ்சுக்கலாம். சேஸிஸ் போச்சுன்னா, பேப்பர் போச்சுன்னா ஒண்ணுமே செய்ய முடியாதுங்க." பழைய வண்டி வாங்குவதைப் பற்றி எனக்குத் தெரிந்த அத்தனையும் இந்த நாலு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

கோயம்புத்தூரில் பார்த்த முதல் வண்டி கண்ணைப் பறித்தது. தடித்த டயர், முன்னால் வின்ச், கூரை மேல் வரிசையாக விளக்கு. சாவியைத் திருப்பினால் டீசல் சத்தம். வேறு எதிலிருந்தோ எடுத்த டீசல் இன்ஜினை உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். ஆர்.சி.யில் எரிபொருள் பெட்ரோல் என்றே இருந்தது. "எல்லாரும் இப்படித்தான் ஓட்டுறாங்க, ஒண்ணும் ஆகாது" என்றார் தரகர். ஆகும். கம்பெனி கொடுத்த அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்திவிட்டது. வண்டியைப் பறிமுதல் செய்வதுகூடப் பெரிய பயம் இல்லை. நாளை ஒருவர் மேல் மோதிவிட்டால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க அந்த ஒரு காரணமே போதும். பழைய ஜீப் வாங்குகிறவர்களுக்கும் இதுதான். முன் அச்சு பிறகு மாட்டியதா, ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது வண்டி கடலோர ஊர் ஒன்றிலிருந்து வந்திருந்தது. வெள்ளை நிறம், ஒரு கீறல் இல்லை. உள்ளே தரைவிரிப்பு புதிது. எனக்கு அங்கேயே மனசு விழுந்துவிட்டது. மெக்கானிக் அண்ணா ஒரு பழைய சாக்கை விரித்து அடியில் போனார், என்னையும் கூப்பிட்டார். சேஸிஸ் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பெயின்ட். பின் ஸ்பிரிங் பட்டையைத் தாங்குகிற பிடிமானத்துக்குப் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டினார். நல்ல இரும்பு மணி மாதிரி 'ணங்' என்னும். அந்த இடம் 'தொப்' என்றது. பிறகு முனையை வைத்து அழுத்தினார். பெரிய பலம் ஒன்றும் கொடுக்கவில்லை, பப்பாளிப் பழத்தில் இறங்குகிற மாதிரி இறங்கியது. பெயின்ட் தோலைத் தவிர அங்கே எதுவும் இல்லை. உதிர்ந்த துரு என் கன்னத்தில் விழுந்தது. இரண்டு சாக்கு இலையோடு அந்த வண்டி எங்கள் மண்பாதைப் பள்ளத்தில் ஒருமுறை இறங்கி எழுந்தால் பட்டை கையோடு பிய்த்துக்கொண்டு வந்திருக்கும். விற்றவர் தெரிந்தேதான் அந்தப் பெயின்டை அடித்திருக்கிறார். ஓட்டப்போவது யார், உள்ளே யார் உட்காரப் போகிறார்கள் என்று நினைத்துப் பார்க்காத அந்த வேலையை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

மூன்றாவதுதான் எங்கள் வண்டி. 2007 மாடல். மேல்துணி கிழிந்திருந்தது, பச்சை நிறம் வெளிறிப்போயிருந்தது, ஓட்டுநர் இருக்கையில் பஞ்சு தெரிந்தது. மலையிலேயே இருந்த வண்டி, இரண்டாவது ஓனர். போனதும் அண்ணா முதலில் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். குளிர்ந்திருந்தது. வண்டி பார்க்க ஆள் வருகிறார்கள் என்று முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் காலை நேரத் தடுமாற்றம் நமக்குத் தெரியாமல் போய்விடும். ஆயில் மூடியைத் திறந்து உட்புறம் மோர் மாதிரி வெளுத்திருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. சேஸிஸ் முழுக்கத் தட்டியதில் எல்லா இடமும் 'ணங்'.

குறை இல்லாமல் இல்லை. முன் சக்கரங்களின் உட்பக்கம் ஆயிலும் கிரீஸும் கலந்து வழிந்திருந்தது. நக்கிள் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அறுபதில் போகும்போது ஸ்டியரிங் கையில் அடித்தது. கிங்பின் பேரிங் தேய்மானம். இரண்டும் ஜிப்ஸியில் வழக்கமாக வருவதுதான், பேரம் பேச உதவும்.

நான்கு சக்கர இழுவையைச் சோதிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முன் சக்கரங்களின் நடுவில் குமிழ் மாதிரி இருக்கும் ஹப்பை வெளியே இறங்கிக் கையால் 'ஃப்ரீ'யிலிருந்து 'லாக்'குக்குத் திருப்ப வேண்டும். அது திரும்பாமல் இறுகிக் கிடந்தால் பல வருஷமாக யாரும் முன் இழுவையைப் பயன்படுத்தவில்லை என்று பொருள். பிறகு ஈரமான மண்ணில் நான்கு சக்கர இழுவையின் தாழ்ந்த கியரான 4-எல் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, நடை வேகத்தில் ஒரு வட்டம். முன்னாலிருந்து 'டிக் டிக்' என்று கேட்டால் அச்சு மூட்டு தேய்ந்திருக்கிறது. இதைத் தார்ச்சாலையில் செய்து பார்க்கக் கூடாது. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வேண்டும். இந்த வண்டியில் இரண்டுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. மண்ணில் டயர் வழுக்கி அதைச் சமாளித்துக்கொள்ளும். தாரில் வழுக்க முடியாமல் முறுக்கு ஏறி லீவர் சிக்கிக்கொள்ளும். எங்கள் வண்டியில் ஹப் வெண்ணெய் மாதிரி திரும்பியது. வட்டம் சத்தமில்லாமல் முடிந்தது.

அதன் பிறகும் அண்ணா விடவில்லை. சேஸிஸில் பொறித்திருந்த எண்ணைத் துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்து பென்சிலால் தேய்த்தார். எண் வெள்ளையாக எழுந்து வந்தது. ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டோம். ஓர் எழுத்து தட்டினாலும் எழுந்து வந்துவிடுவது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். பதிவு 15 வருஷம் முடிந்து 2022-இல் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்திருந்தார்கள். பழைய வண்டிக்காரர்கள் இந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. காருக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. கடன் இருந்ததென்றால் அடைத்த சான்று, 29, 30 படிவங்களில் கையெழுத்து, நிலுவை அபராதம் ஏதும் உண்டா என்பது எல்லாம் பணம் கைமாறும் முன்னால் முடிய வேண்டும். பெயர் மாற்றத்தை விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும்.

ஓனர் 2.80 லட்சம் கேட்டார். நக்கிள், ஸ்டியரிங், துணி மூன்றையும் காட்டி 2.45-இல் முடித்தோம். முழு மூன்றரைக்கும் வண்டி வாங்கிவிடாதீர்கள் என்று அண்ணா முதலிலேயே சொல்லியிருந்தார். அதன் அருமை அடுத்த இரண்டு மாதத்தில் தெரிந்தது. நான்கு டயர் 24,000. இரண்டு பக்கமும் நக்கிள் வேலை 14,000. பிரேக் 9,000. மேல்துணி 18,000. ரேடியேட்டர் சுத்தம் செய்து ஹோஸ் மாற்ற 6,500. கடைசியாக கிளட்ச் 11,000. மொத்தம் 82,500. ஒரு கதவுக் கைப்பிடிக்கும் ஸ்டியரிங் ராடுக்கும் கோயம்புத்தூர் உக்கடத்தின் பழைய சாமான் கடைகளில் அரை நாள் அலைந்தேன். கம்பெனி நிறுத்திவிட்ட வண்டிக்கு உதிரிப்பாகம் கிடைக்காது என்று பயமுறுத்துகிறார்கள். ஓடத் தேவையான எதுவும் எனக்கு இதுவரை கிடைக்காமல் போனதில்லை.

போன கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் மாலை நான்கு மணிக்குத்தான் பறித்து முடித்தோம். பாதையின் தொடக்கத்தில் இறங்கி இரண்டு ஹப்பையும் 'லாக்'கில் திருப்பினேன். விரல் முழுக்கச் சேறு. 4-எல், இரண்டாவது கியர், ஆக்ஸிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும். சாய்ந்த மேட்டில் பின்பக்கம் ஒருமுறை பள்ளத்தின் ஓரமாக நழுவியது. அம்மா முன் கம்பியைப் பிடித்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. முன் சக்கரங்கள் இழுத்துக்கொண்டு வந்து நேராக்கின.

எடைக் கொட்டகையில் விளக்குப் போடுவதற்குள் வந்துவிட்டோம். தராசில் ஏற்றுவதற்கு முன் அம்மா ஒரு சாக்கை அவிழ்த்து முழங்கை வரை கையை விட்டார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு என் கையையும் பிடித்து உள்ளே விட்டார். இலை சில்லென்று இருந்தது.