வேலைக்கு எடுக்கிறவன் எதுக்குய்யா காசு கேக்குறான்?

"பேராசை பெருநஷ்டம்." வீட்டிலிருந்தே வேலைன்னு நம்பி எவனோ ஒருத்தன் பணத்தை விட்டான்னு செய்தி வந்தா போதும், நம்ம பொட்டி தட்டுற மக்கள் வரிசையில நின்னு இதைத்தான் எழுதுறாங்க. அடுத்த வரி, "படிச்சவனே இப்படி ஏமாறலாமா?" அப்புறம் அவரவர் ஆணியைப் புடுங்கப் போயிடுறாங்க. இந்த ரெண்டு வரி மேலயும் எனக்கு செம கடுப்பு.

எதுங்க பேராசை? மாசம் 15,000 ரூபாய்க்கு டேட்டா என்ட்ரி வேலை கேக்குறதா? அது பேராசைன்னா நாம வருஷா வருஷம் அப்ரைசல் நேரத்துல மேனேஜர்கிட்ட கேக்குறதுக்கு என்ன பேரு?

என் கட்சி இதுதான். "வேலை வேணும்னா முதல்ல காசை எடு"ன்னு அந்தப் பையனுக்குப் பாடம் நடத்தினது திருடன் இல்லை. நம்ம தொழில்தான். காலேஜ்லயே பிளேஸ்மென்ட் ட்ரெய்னிங்குன்னு தனியா ஃபீஸ். வெளிய வந்தா "ட்ரெய்னிங் வித் பிளேஸ்மென்ட்"னு போர்டு. அதுக்கு மேல பேக்டோர் கன்சல்டன்சி, பாண்டு, ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கிப் பூட்டி வைக்கிற கூத்து. நான் படிச்சு முடிச்ச வருஷம் ஒரு கன்சல்டன்சி என் வகுப்புப் பசங்க சில பேர்கிட்ட பணம் வாங்கிட்டு, அடுத்த மாசமே போர்டைக் கழட்டிட்டுக் கிளம்பிருச்சு. இதையெல்லாம் பார்த்தே வளர்ந்தவன்கிட்ட டெலிகிராம்ல ஒருத்தன் வந்து "லேப்டாப் டெபாசிட் 3,000, முதல் சம்பளத்தோட திருப்பிக் கொடுத்துருவோம்"னா, அவனுக்கு எங்கேருந்து சந்தேகம் வரும்?

புதுசா வேலை தேடுறவங்களுக்கு பத்துப் பாயிண்ட் பட்டியல் எல்லாம் வேண்டாம். ஒரே விதி போதும். வேலைன்னா காசு கம்பெனிகிட்டேருந்து உங்ககிட்ட வரணும். ரெஜிஸ்ட்ரேஷன், டெபாசிட், ஐடி கார்டு, வெரிஃபிகேஷன்னு என்ன பேர்ல எதிர்த்திசையில போனாலும் அது வேலை இல்லை. படிக்கக் காசு கட்டுறது வேற. கத்துக்கணும்னா கட்டுங்க, மாணவரா கட்டுங்க. அந்த ஃபீஸோட வேலையையும் சேர்த்து முடிச்சுப் போடுறான்னா எழுந்து வந்துருங்க.

இவனுங்க ஆட்டத்தை ஒண்ணொண்ணா பாருங்க, எல்லாமே இந்த விதியில மாட்டும்.

டாஸ்க் வேலை: யூட்யூப் வீடியோவுக்கு லைக், ஓட்டலுக்கு அஞ்சு நட்சத்திரம். முதல் நாள் 150 ரூபாய் நிஜமாவே அக்கவுண்டுக்கு வரும். அதுதான் தூண்டில் புழு. அப்புறம் குரூப்ல சேர்ப்பான், "ப்ரீபெய்டு டாஸ்க்" வரும், 1,000 போட்டா 1,300. குரூப்ல "எனக்கு வந்துருச்சு"ன்னு ஸ்கிரீன்ஷாட் போடுறவன் பூரா அவன் ஆளுங்க. தொகை ஏற ஏற திரையில பேலன்ஸ் மட்டும் லட்சக்கணக்குல நிக்கும். எடுக்கப் போனா "வரி கட்டுங்க"ம்பான். 2023 டிசம்பர்ல மத்திய உள்துறை இந்த மாதிரி 100க்கும் மேற்பட்ட தளங்களை முடக்குச்சு. வேற பேர்ல திரும்ப வர அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

டேட்டா என்ட்ரி: மங்கலான படத்தைப் பார்த்து டைப் பண்ணணும், பிழையே இருக்கக் கூடாதுன்னு ஒரு ஒப்பந்தம். எப்படி அடிச்சாலும் ஃபெயில்தான். ஏழாவது நாள் "வக்கீல் நோட்டீஸ்" வாட்ஸப்ல வரும். பயந்து ஒரு பைசா அனுப்பாதீங்க. எந்தக் கோர்ட்டும் அபராதத்தை ஒருத்தரோட சொந்த யுபிஐ ஐடிக்குக் கட்டச் சொல்லாது.

பணம் திசை மாறாம, அதாவது உங்க அக்கவுண்டுக்கே வர்ற ஆட்டம் ஒண்ணு இருக்கு. விதியில இது மட்டும்தான் விலக்கு, இதுதான் எல்லாத்தையும் விட மோசம். "கஸ்டமர் பணம் உங்க கணக்குக்கு வரும், கமிஷன் எடுத்துக்கிட்டு மீதியை அனுப்புங்க." அது இன்னொருத்தன் ஏமாந்த பணம். அக்கவுண்ட் முடங்கும், எங்கேயோ இருக்கிற வேற மாநிலப் போலீஸ் உங்க வீட்டைத் தேடி வரும்.

"படிச்சவன் ஏமாற மாட்டான்"னு இன்னும் சொல்றீங்களா? 2022 செப்டம்பர்ல நம்ம வெளியுறவு அமைச்சகம் ஒரு எச்சரிக்கை விட்டுச்சு. தாய்லாந்துல டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலைன்னு ஐடி தெரிஞ்ச பசங்களைக் குறிவைச்சுக் கூப்பிட்டு, எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்திட்டுப் போய் அடைச்சு வெச்சாங்க. அங்க வேலையே ஆன்லைன்ல ஊரை ஏமாத்துறதுதான். மீட்டு வந்தவங்கள்ல தமிழ்நாட்டுப் பசங்களும் உண்டு. "ஹாய், ஐயாம் ஹெச்ஆர்"னு மெசேஜ் அனுப்புற கை, நம்மள மாதிரியே படிச்சு, மாட்டிக்கிட்டவன் கையாக்கூட இருக்கலாம்.

இப்போ அந்த ரெண்டு வரிக்கு வர்றேன். பணம் போன உடனே 1930க்குப் போன் பண்ணினா, அது அக்கவுண்ட் விட்டு அக்கவுண்ட் தாவுறதுக்குள்ள பிடிச்சு நிறுத்த வாய்ப்பு இருக்கு. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ஆனா ஏமாந்தவன் என்ன பண்றான்? வெளிய சொன்னா சிரிப்பாங்கன்னு ரெண்டு நாள் வாயை மூடிட்டு உக்காந்திருக்கான். யார் சிரிப்பா? நாமதான். "பேராசை"ன்னு நாம எழுதுற ஒவ்வொரு தடவையும் திருடனுக்கு அந்த ரெண்டு நாளை இலவசமா கொடுக்கிறோம். அப்புறம் எதுக்கு விழிப்புணர்வு, வெங்காயம் எல்லாம்?

உருப்படியா ஏதாவது செய்யணும்னா, உங்க சித்தி பையனோ காலேஜ் ஜூனியரோ ஆஃபர் லெட்டரை அனுப்பி "அண்ணா, இது நிஜமா?"ன்னு கேட்டா பத்து நிமிஷம் ஒதுக்குங்க. மெயில் ஜிமெயில்லேருந்து வந்திருக்கா, கம்பெனி பேர்ல ஒரு எழுத்து கூடுதலா இருக்கா, சாட்லயே இன்டர்வியூ முடிஞ்சிருச்சான்னு பாருங்க. கம்பெனியோட சொந்தத் தளத்துல இருக்கிற நம்பருக்குப் போன் போட்டுக் கேளுங்க. உங்க ஆபீஸ்லயே புதுப் பசங்ககிட்ட டெபாசிட்டோ ஒரிஜினல் சர்டிபிகேட்டோ வாங்கினா, அதைக் கேளுங்க முதல்ல.

டிஸ்கி: "நானெல்லாம் உஷாரு"ன்னு பின்னூட்டம் போட வர்றவங்க, அதுக்கு முன்னாடி 1930ஐ உங்க வீட்ல இருக்கிற எல்லார் போன்லயும் சேவ் பண்ணிட்டு வாங்க. :-)