மனையை நவம்பர்ல போய்ப் பாருங்க!

"ஊர்ப்பக்கமே வந்து செட்டில் ஆகிடலாம், கடலோரமா ஒரு வீடு கட்டலாம்." வளைகுடாவிலிருந்து திரும்பப் போகும் அப்பாக்கள் பல பேர் சொல்றது இதுதான். நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துல கடலோரம்னா மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல். அலை அடங்கிய பாக் விரிகுடா, பக்கத்துலயே கிழக்குக் கடற்கரைச் சாலை, அன்னன்னைக்குப் பிடிச்ச மீன். ஆசைப்படுறதுல தப்பே இல்லை.

ஆனா இடம் பார்க்கப் போறது பொங்கல் லீவுலயோ மே மாசத்துலயோதான். அப்போ எந்த மனையும் அழகாத்தான் தெரியும். இங்கே மழையும் புயலும் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா, நம்ம மாவட்டத்துலயும் தென்னைகளையும் மின்கம்பங்களையும் சாய்ச்சுது. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லைன்னா மோட்டார் ஓடாது. குடிக்கத் தண்ணியும் கிடையாது.

அதுக்காகப் போகவே வேண்டாம்னு சொல்லலை. மழையில போய்ப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்கன்னுதான் சொல்றேன். தெருத்தண்ணி எந்தப் பக்கம் வடியுது? போர் தண்ணி உப்பா? ராத்திரி பாட்டிக்கு நெஞ்சுவலின்னா, அறந்தாங்கி தாண்டி புதுக்கோட்டை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி போய்ச்சேர எவ்வளவு நேரம்?

அப்பா போடப்போறது இருபது வருஷச் சம்பாத்தியம். லெவல் எடுக்கவும் சரிவு கணக்குப் போடவும் படிக்கிற நாம, அதை நம்ம வீட்டு மனைக்குச் செய்யலைன்னா எப்படி? புரோக்கர் வெயில்ல காட்டின இடத்தை, மழையில நாம ஒரு தடவை பார்த்துடுவோம். அப்புறம் அட்வான்ஸ் கொடுக்கலாம்.