“இரு, நானும் வரேன்”

ரயில்வே மாமாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். “அப்பா, அவரு நமக்கு என்ன உறவு?” என்று என் மகன் கேட்டான். உடனே பதில் சொல்ல முடியவில்லை.

இரத்த உறவு கிடையாது. செந்தூல் ரயில்வே பட்டறையில் அப்பாவோடு வேலை செய்தவர். குவார்ட்டர்ஸில் எங்களுக்குப் பக்கத்து வீடு. அவ்வளவுதான். ஆனால், எங்கள் வீட்டில் எந்த நல்லது கெட்டதும் அவர் இல்லாமல் நடந்ததில்லை.

மாமா அதிகம் படித்தவர் அல்லர். யாருக்கும் அறிவுரை சொல்லியும் நான் கேட்டதில்லை. யார் என்ன சிக்கலோடு வந்து நின்றாலும், “இரு, நானும் வரேன்” என்பார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

1995இல் எனக்கு ஒரு நேர்முகத் தேர்வு. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மாமா தன் லீவைப் போட்டுவிட்டு என்னோடு இளஞ்சிவப்பு மினி பஸ்ஸில் ஏறினார். அந்த நெரிசலில், என் சான்றிதழ்கள் கசங்கிவிடக்கூடாதென்று கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். மூன்று மணி நேரம் வெளியே பெஞ்சில் காத்திருந்தார். நான் வந்ததும், எப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை. “வாய்யா, பசியாறலாம்” என்றார்.

பக்கத்து வரிசையில் ஓர் அக்கா, பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்காமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். குழந்தை பிறந்து 60 நாள்களுக்குள் பதிந்துவிட்டால் சுலபமான வேலை. தாமதமானால் பள்ளிக்கூடம், அடையாளக் கார்டு என்று பிள்ளை வளர வளரச் சிக்கலும் வளரும். அவரைப் பதிவுத் துறைக்கு நான்கு முறை அழைத்துப் போனவர் மாமாதான். “வழி சொல்லி அனுப்பினா போதாதா மாமா?” என்று ஒருநாள் கேட்டேன். “வழி தெரியாம இல்ல தம்பி, கவுண்டர் முன்னால நிக்கப் பயம். பக்கத்துல ஒரு ஆள் நின்னா அந்தப் பயம் போயிடும்” என்றார்.

இவ்வளவும் பார்த்து வளர்ந்தவன் நான். சென்ற ஆண்டு ஒருநாள் மாமா போன் செய்தார். “தம்பி, வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க. உனக்கு வேலை இருக்குமா?”

எனக்கு அலுவலகத்தில் கூட்டம். “நான் கிராப் போட்டு விடுறேன் மாமா, காசு நானே கட்டிடுறேன்” என்றேன். “அது போதும்யா” என்றார். என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றுதான் டாக்டர் அவரிடம் நோயின் பெயரைச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வர மனமில்லாமல், ஆஸ்பத்திரி நாற்காலியில் வெகுநேரம் தனியாக உட்கார்ந்திருந்தாராம். அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாமா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதன் பிறகு இரண்டு முறை அவரோடு போனேன். மூன்றாவது முறைக்கு அவர் இல்லை.

இன்று நமக்கு உதவி செய்வது எளிதாகிவிட்டது. கைப்பேசியில் வண்டி வரும், சாப்பாடு போகும், பணமும் போய்ச் சேரும். நாம் மட்டும் போவதில்லை. மாமா என்னிடம் வண்டி கேட்கவில்லை, பக்கத்தில் ஓர் ஆளைத்தான் கேட்டார். அது அன்று எனக்குப் புரியவில்லை.

மாமாவின் ஓய்வூதியத்தை அத்தை பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. “பாரத்த மட்டும் எழுதிக் குடுப்பா, நானே போயிக்கிறேன்” என்றார் அத்தை. சென்ற வாரம் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே போனேன். எண் வரும்வரை ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். அந்த நேரம் முழுக்க அத்தை மாமாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மாமாவோ அத்தையோ இருப்பார்கள். இரத்த உறவாக இருக்கமாட்டார்கள். உங்களைக் கைப்பிடித்து எங்கோ ஓரிடத்துக்கு அழைத்துப் போயிருப்பார்கள். இந்த வாரம் அவர்களுக்கு ஒரு போன் செய்யுங்கள். எங்காவது போக வேண்டியிருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், கூடப் போய் வாருங்கள்.